இருசி என்னும் பழிச்சொல்

நம் முசரவாக்கத்திலும், காஞ்சி நகரத்தைச் சூழ்ந்த மற்ற ஊர்களிலும், மஞ்சள் நீராட்டு விழா நடைபெறாத மாதம் இல்லை. வாயிலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. மேளம் முழங்குகிறது. தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளுடன் வீதி வழியே வருகிறார். பட்டுடுத்திய சிறுமி மனையில் அமர்ந்திருக்கிறாள். வந்திருக்கும் பெண்மணிகள் அனைவருடைய கண்களும் அவள்மீதே பதிந்திருக்கின்றன.

அதே பந்தலின் மூலையில் வேறொரு பெண் நிற்பதுண்டு. அவளுக்குப் பதினாறோ பதினேழோ வயது ஆகியிருக்கும். தன்னிலும் இளையவளுக்குச் சீர் நடப்பதை அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “பெரியவளுக்கு இன்னும் ஒன்றும் இல்லையா?” என்று யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் வினவுகிறார். தாயார் பதில் கூறாமல் தலையைக் குனிந்துகொள்கிறார். அந்தத் தாயாருக்காகவும் அந்தப் பெண்ணுக்காகவுமே இவ்வாரம் எழுதுகிறோம். பேசக் கூசுகிற விஷயந்தான். ஆனால் பேசாமலிருப்பதால் விளையும் தீங்கு, கூச்சத்தைவிடப் பெரிது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

பூப்பெய்தாத பெண்ணை “இருசி” என்று அழைக்கும் வழக்கம் தமிழில் நெடுங்காலமாக உண்டு. அகராதியில் அது வெறும் சொல்லாக நிற்கிறது. வீதியிலோ வசையாக மாறிவிடுகிறது. அச்சொல்லைக் கேட்ட பெண், ஏதோ செய்யத் தகாததைச் செய்துவிட்டவள்போல் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறாள். அவள் செய்த குற்றந்தான் யாது?

நம் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு மேலே செல்வதே நியாயம். பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு பெண் படித்துவந்தாள். அவள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே கூறுகிறோம். கணக்கில் கெட்டிக்காரி. உயரம் குறைவாதலால் எப்பொழுதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பள்ளி மாணவிகளுக்குச் சர்க்கார் இலவசமாக வழங்கிய நாப்கின் பொட்டலங்களை மற்றவர்களோடு வரிசையில் நின்று அவளும் பெற்றுக்கொள்வாள். அவற்றை அவள் ஒருநாளும் பிரித்ததில்லை என்பதும், தன் தங்கைக்கே கொடுத்துவந்தாள் என்பதும் பின்னரே நமக்குத் தெரிந்தன. பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் அவளுடைய தாயார் ஒரு மாலை நம்மைத் தேடி வந்தார். “டீச்சரம்மா, பொண்ணுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கொண்டும் பார்த்துவிட்டோம். ஒன்றும் தெரியவில்லையே!” என்றார். பட்டம் பெற்றவர் என்ற மிடுக்கோடு நாம் சொன்ன விடை இதுதான்: “சிலருக்குத் தாமதமாகும், அம்மா. பொறுத்திருங்கள், தானே சரியாகும்.”

அந்த அம்மாள் நம் வார்த்தையை நம்பிப் பொறுத்திருந்தார். ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்தார். திருமணப் பேச்சு எழுந்தபோதுதான் டாக்டரிடம் அழைத்துச் சென்றார்கள். சூலகங்கள் தொடக்கமுதலே வேலை செய்யவில்லை என்று அங்கே கூறினார்கள். எலும்புகள் வலுப்பெறவேண்டிய ஆண்டுகள் வீணே கழிந்துவிட்டன என்றும் கூறினார்கள். நாம் கூறியது முழுப் பொய்யன்று. தாமதமாகும் பெண்களில் பெரும்பாலோர்க்கு அது தானே சரியாகிவிடுகிறது. ஆனால் “எதற்கும் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்” என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தையே இப்பொழுது விரித்து எழுதுகிறோம்.

இந்த நிலைக்கு வைத்திய சாஸ்திரத்தில் முதன்மைச் சூலகக் குறைபாடு என்று பெயர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1942-ஆம் ஆண்டில் இப்பெயரைக் கையாண்டார்கள். கோளாறு சூலகத்திலேயே உள்ளது, அதனை ஏவும் மூளைப்பகுதியில் இல்லை என்பதையே “முதன்மை” என்ற சொல் குறிக்கிறது.

காஞ்சி மக்களுக்கு இதை விளக்கத் தறியைக் காட்டினால் போதும். தறியில் பாவு ஏற்றும்போதே அதன் நீளம் முடிவாகிவிடுகிறது. அதன்பின் ஊடை எவ்வளவு இருந்தாலும், பாவு உள்ளமட்டுமே நெய்யலாம். பெண்ணின் சூலகமும் அத்தகையதே. தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சூலகங்களில் 60 முதல் 70 லட்சம் முட்டைக் கருக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 10 அல்லது 20 லட்சமாகக் குறைகின்றன. பூப்பெய்தும் வயதில் எஞ்சியிருப்பவை 3 அல்லது 4 லட்சம். அவற்றுள்ளும் வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400 அல்லது 500 மட்டுமே. மற்றவை தாமே கரைந்துபோகின்றன. பாவு தீரும் காலமே மாதவிடாய் ஓயும் காலம். நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46 வயதையொட்டி நிகழ்வதாக இந்திய மாதவிடாய் ஓய்வுச் சங்கத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களை வகுத்த நம் முன்னோர், கடைசிப் பருவத்தை 40 வயதில் முடித்தார்கள். இக்காலத்து டாக்டர்களும் அதே 40 வயதையே எல்லையாகக் கொண்டிருப்பது ஒரு விநோதமான பொருத்தம். நாற்பதுக்கு முன்பே சூலகம் ஓய்ந்துவிட்டால் அது குறைபாடு எனப்படும். சிலருக்கு அது முப்பதுகளில் நேர்கிறது. மிகச் சிலருக்குப் பேதைப் பருவத்திலேயே பாவு தீர்ந்துவிடுகிறது. அவர்களே பூப்பெய்தாமல் நிற்கும் பெண்கள்; அல்லது இரண்டொரு முறை மாதவிடாய் கண்டு, பிறகு நின்றுபோனவர்கள்.

இது எத்தனை பேருக்கு நேர்கிறது? குரோமசோம்கள் முறைப்படி அமைந்திருந்தும், வெளிக்காரணம் ஒன்றுமின்றிச் சூலகம் ஓய்ந்துவிடுவது, 40 வயதுக்குள் 100 பெண்களில் ஒருவருக்கும், 30 வயதுக்குள் 1,000 பேரில் ஒருவருக்கும், 20 வயதுக்குள் 10,000 பேரில் ஒருவருக்கும் நேர்வதாக டாக்டர்கள் நெடுநாளாகக் கூறிவருகிறார்கள். எல்லாக் காரணங்களையும் சேர்த்து 40 வயதுக்குள் நூற்றுக்கு மூன்றரைப் பேர் வரை இருக்கலாம் என்று 2024-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி மதிப்பிடுகிறது.

இளம்பெண்களின் கணக்கில் மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். அது டர்னர் நோய்க்குறி. இரண்டு இருக்கவேண்டிய எக்ஸ் குரோமசோம்களில் ஒன்று இல்லாமலோ குறைந்தோ பிறக்கும் நிலை அது. பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2,500-க்கு ஒன்று அவ்விதம் பிறக்கிறது. அவர்களுள் சிலர் தாமாகவே பூப்பெய்துவதுண்டு. பெரும்பாலோர்க்குச் சூலகம் இளமையிலேயே ஓய்ந்துவிடுகிறது. இரண்டு கணக்கையும் கூட்டினால், தோராயமாக 10,000 பெண்களுக்கு நான்கைந்து பேர், அதாவது 2,000 அல்லது 2,500 பேருக்கு ஒருத்தி என்று ஆகிறது.

“இரண்டாயிரத்தில் ஒருத்திதானே!” என்று எண்ணிவிடலாகாது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், அப்போதைய காஞ்சிபுரம் நகராட்சி எல்லைக்குள் 1,64,000-க்குச் சற்று மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெண்கள் 80,000-க்கு மேல் என்று கொள்ளலாம். மேற்கண்ட விகிதப்படி வகுத்துப் பார்த்தால், இளமையிலேயே இக்குறைபாடு நேர்ந்தவர்கள் இக்கோயில் நகரத்தில் மட்டும் எல்லா வயதிலுமாகச் சுமார் முப்பது, நாற்பது பேர் இருக்க வேண்டும். இது நாம் காகிதத்தில் போட்ட கணக்கு. வீடு வீடாகச் சென்று எடுத்ததன்று. ஆயினும் நாற்பது பேர் என்றால் ஒரு வகுப்பறை நிறைய! அந்நாற்பது பேரும், உலகத்திலேயே தனக்கொருத்திக்குத்தான் இவ்விதம் நேர்ந்தது என்று எண்ணித் தனித்தனியே வாழ்ந்துவருகிறார்கள். இருபது ஆண்டுகளில் நம்மிடம் பயின்ற மாணவிகளே மூவாயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி நம் முன்னேயே உட்கார்ந்திருந்ததில் அதிசயம் என்ன? அவளை நாம் அறியாதிருந்ததே வருத்தத்துக்குரியது.

இனிக் காரணங்களைப் பார்ப்போம். பூப்பே எய்தாத பெண்களிடம் இக்குறைபாடு காணப்பட்டால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குரோமசோம்களின் அமைப்பில் மாறுதல் இருக்கிறது. அம்மாறுதல்களுள் முக்கியமானது முன்சொன்ன டர்னர் நோய்க்குறி. ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க டாக்டர் 1938-இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதால் அப்பெயர் வந்தது. குரோமசோம் குறைவே அதற்குக் காரணம் என்பதை 1959-இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஃபோர்டு முதலியோர் கண்டறிந்தார்கள். உயிரணு பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை அது. தாய் உண்ட உணவாலோ, தந்தையின் வினையாலோ, கிரகத்தின் பார்வையாலோ நேர்வதன்று. சொந்தத்தில் மணம் செய்துகொண்டதாலும் நேர்வதன்று. உயரக் குறைவு அதன் முதல் அடையாளம். வகுப்பில் எல்லோரிலும் குட்டையாக இருந்து, பூப்பும் தாமதமாகும் பெண்ணைக் கண்டால் ஆசிரியைகள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சில குடும்பங்களில் காரணம் வழிவழியாக வருகிறது. எஃப்.எம்.ஆர்.1 என்னும் மரபணுவில் ஒருவகைச் சிறு மாறுதலைத் தாங்கிய பெண்களில், நூற்றுக்குச் சுமார் இருபது பேருக்கு நாற்பதுக்குள் சூலகம் ஓய்ந்துவிடுகிறது. அதே மாறுதல் அடுத்த தலைமுறையில் பெருகினால், ஆண் குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவு உண்டாகக்கூடும். ஆகவே ஒருத்திக்குச் செய்யும் சோதனை, குடும்பம் முழுவதற்கும் பயன்படும்.

வேறு சில மரபணுக் கோளாறுகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் தலைகாட்டும். இவை அரியவை. ஆனால் உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இருக்குமிடத்தில் இவை சேருவதற்கு இடம் அதிகம். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் மணந்தவர்கள். இதைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அத்தகைய குடும்பத்தில் அக்காள் தங்கை இருவருக்குமே பூப்புத் தாமதமானால், அதைத் தற்செயல் என்று விட்டுவிடலாகாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே சில சமயம் திசைமாறிச் சூலகத்தைத் தாக்குவதுண்டு. அத்தகையவர்களுக்குத் தைராய்டு சுரப்பியும், சிறுநீரகத்தின்மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியும் பழுதாகலாம். ஆகவே அவற்றையும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

மற்றொரு காரணம், ஒரு நல்ல செய்தியின் நிழலாக வருவது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவினார். அந்நாளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிதாயிருந்தது. 1980-களில் வகுக்கப்பட்ட எம்.சி.பி. 841 என்னும் சிகிச்சை முறையைப் பம்பாய், டில்லி, சென்னை ஆகிய நகரங்களின் ஆஸ்பத்திரிகள் கைக்கொண்டன. பல குழந்தைகள் பிழைத்தார்கள். நம் காஞ்சியை அடுத்த காரப்பேட்டையிலும் 1969 முதல் அறிஞர் அண்ணா பெயரால் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி உண்டு. இவ்விதம் பிழைத்த பெண் குழந்தைகளில் சிலருக்கு, உயிர் காத்த மருந்தே சூலகத்தைச் சுட்டுவிடுகிறது. சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளை மிகுதியாகக் கொடுத்தாலும், இடுப்புப் பகுதியில் கதிர் பாய்ச்சினாலும் இது நேரலாம். சிறு வயதில் பாவு நீளமாக இருப்பதால் பலர் தப்பிவிடுகிறார்கள். ஆயினும் அத்தகைய பெண்ணின் பெற்றோர், “நோய் தீர்ந்தது” என்பதோடு நின்றுவிடாமல், பூப்புப் பருவத்தில் மறுபடியும் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிகிச்சை தொடங்குமுன்பே இதைப்பற்றிக் கேட்டுக்கொள்வது இன்னும் நன்று.

இத்தனையும் சொன்ன பிறகு, எவ்வளவு தேடியும் காரணம் புலப்படாதவர்களும் பலர் இருக்கிறார்கள் என்பதைக் கூறாமலிருக்க முடியாது. காரணம் தெரியாததால் சிகிச்சை இல்லை என்று பொருளன்று.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. மகளுக்கு மாதவிடாய் தவறுகிறது என்றவுடன் இதுவே என்று பதறவேண்டாம். பூப்பெய்திய முதலிரண்டு ஆண்டுகளில் ஒழுங்கின்மை சகஜம். உடல் மெலிவு, மன உளைச்சல், தைராய்டுக் கோளாறு, சூலகத்தில் நீர்க்கட்டிகள் ஆகியவை இதைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமாகக் காணப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறியும் வேலை டாக்டருடையது. நம் வேலை, காலத்தோடு அவரிடம் போய்ச் சேருவதே.

அந்தக் காலம் எது? மூன்று எல்லைகளை மனத்தில் குறித்துக்கொண்டால் போதும். 13 வயது முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 15 வயது முடிந்தும், அல்லது மார்பு வளர்ச்சி தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்தும் பூப்பெய்தாவிட்டால் பார்க்க வேண்டும். வந்துகொண்டிருந்த மாதவிடாய் நான்கு மாதங்கள் போல் நின்றுவிட்டாலும் பார்க்க வேண்டும்.

சோதனையும் அஞ்சத்தக்கதன்று. கையில் சிறிது இரத்தம் எடுப்பார்கள். வகுப்பில் கூப்பிட்ட குரலுக்கு விடை வராவிட்டால் ஆசிரியர் மேலும் உரக்கக் கூப்பிடுவார் அல்லவா? சூலகம் விடை தராதபோது மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அவ்வாறே செய்கிறது. எஃப்.எஸ்.எச். என்னும் அதன் ஹார்மோன் இரத்தத்தில் மிகுந்து நிற்கும். அந்த அளவு உயர்ந்திருந்தால், ஐயம் தீரச் சில வாரங்கள் கழித்து மறுமுறை பார்ப்பார்கள். பிறகு குரோமசோம் சோதனையும், வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் செய்வார்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் தொடங்கி, தேவையானால் 1844 முதல் நடந்துவரும் எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி வரையில் செல்லலாம்.

சிகிச்சை எளியது; ஆனால் நீண்டது. சூலகம் தரவேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கிறார்கள். பூப்பெய்தாத பெண்ணுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்துகிறார்கள். பிறகு கருப்பையின் நலத்துக்காகப் புரோஜெஸ்டிரோன் என்ற மருந்தையும் சேர்க்கிறார்கள். உடல் வளர்ச்சி பெறுகிறது, மாதவிடாயும் வருகிறது. இயற்கையாக ஓயும் வயதுவரை, அதாவது ஏறத்தாழ 50 வயது வரையில், இதைத் தொடர வேண்டும்.

“மாதவிடாய் இல்லாவிட்டால் என்ன, தொல்லை விட்டதென்று இருக்கலாமே!” என்பாரும் உளர். அது தவறு. வாழ்நாள் முழுவதும் நம்மைத் தாங்கும் எலும்பின் வலிமையில் பெரும்பகுதி இருபது வயதையொட்டிச் சேர்ந்துவிடுகிறது. அவ்வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து, நடு வயதிலேயே முறியும் நிலை வரலாம். இருதய நோயும் முந்திக்கொள்ளும். டர்னர் நோய்க்குறி உள்ளவர்களுக்கு இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தனியே பரிசோதிக்க வேண்டும். காலத்தில் கண்டுபிடித்தால் உயரம் கூடுவதற்கும் மருந்து உண்டு. ஆறு ஆண்டுகள் பொறுத்திருக்கச் சொன்ன நம் பேச்சால் அந்தப் பெண் இழந்தது இவற்றைத்தான்.

மகப்பேற்றைப் பற்றியும் மறைக்காமல் சொல்வது நலம். குரோமசோம்கள் முறையாக உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை, எதிர்பாராமல் தாமாகவே கருவுற்றிருக்கிறார்கள். சூலகம் இடையிடையே விழித்துக்கொள்வதுண்டு. அதனால்தான் “செயலிழப்பு” என்னாமல் “குறைபாடு” என்று கூறுகிறார்கள். மற்றவர்களுக்கு, வேறொரு பெண் தானமாகத் தந்த முட்டையால் கருவுறும் வழியை 2021-ஆம் ஆண்டின் சட்டம் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. டர்னர் நோய்க்குறி உள்ளவர்கள் அதற்குமுன் இருதயத்தின் நிலையை நன்கு ஆராய்ந்து கொள்ள வேண்டும். தத்தெடுத்து வளர்ப்பதும் நம் நாட்டுக்குப் புதிதன்று. எதைத் தேர்வது, எவரிடம் எப்பொழுது கூறுவது என்பவை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டியவை. அதற்கு முதலில் அவளிடமே உண்மையைச் சொல்ல வேண்டும். பெற்றோரும் டாக்டரும் மட்டும் இரகசியமாக வைத்துக்கொண்டு, மணமேடையில் அவளை ஏற்றிவிடுவது அவளுக்கும் அநீதி, மணமகனுக்கும் அநீதி.

நம் பழைய மாணவியைச் சென்ற ஆண்டு காஞ்சியில் சந்தித்தோம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறாள். மருந்தைத் தவறாமல் உட்கொண்டு வருகிறாள். நாம் அன்று கூறியதை எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, “நீங்கள் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லையே, டீச்சர்” என்றாள். அவளை அப்பெயரால் அழைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

இருதய நோய் வந்தவரை வசைச்சொல்லால் அழைக்கிறோமா? சர்க்கரை நோய் வந்தவரைப் பந்தலின் மூலையில் நிற்க வைக்கிறோமா? இதுவும் உடலின் ஓர் உறுப்புக்கு நேர்ந்த குறையே. ஆகவே தந்தைமார்களையும் தாய்மார்களையும் நாம் கேட்டுக்கொள்வன இரண்டு. பதினைந்து வயது முடிந்தும் பூப்பெய்தாத பெண் வீட்டிலிருந்தால், அம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த சீர் நடக்கும்போது, மூலையில் நிற்கும் பெண்ணைக் கண்டால், அந்தக் கேள்வியைக் கேட்காமல், அவள் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து முன்னே அழைத்து வாருங்கள்.